உணவுத் திருவிழா டிஸ்ப்ளேக்கள்: சேதம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள்

தீம் பார்க்கில் உணவுத் திருவிழா தொடங்கி முதல் சனி, ஞாயிறு முடிந்ததும் டிஸ்ப்ளேக்களைச் சுற்றி ஒரு நடை போனால் போதும். சாக்லேட் சிற்பத்தில் விரல் தடம் பதிந்திருக்கும். ஜிஞ்சர்பிரெட் (இஞ்சி பிஸ்கட்) வீட்டுச் சுவரில் மிட்டாய் பிய்ந்த குழிகள் தெரியும். ஃபைபர்கிளாஸ் சமையல்காரர் பொம்மையின் கரண்டி பாதியில் முறிந்து தொங்கும். "ஜனங்களுக்குப் பொறுப்பே இல்லை" என்ற பேச்சு உடனே கிளம்பும். அந்தப் பேச்சால் ஒரு விரிசல்கூட அடைபடாது. வேண்டுமென்றே உடைப்பவர்கள் உண்டு, ஆனால் அவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்ற சேதமெல்லாம் சாய்வதிலும், கையிலிருக்கும் தட்டை வைக்க இடம் தேடுவதிலும், சாப்பிடத் தருவது எது, பார்வைக்கு வைத்தது எது என்று புரியாமல் போவதிலும் வருகிறது. இவை மூன்றையும் வடிவமைப்பிலேயே தடுக்கலாம்.

அதற்கு முதலில் ஒரு அளவு நாடா வேண்டும். சேதம் தரையிலிருந்து எத்தனை செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று அளந்தால், யாரால் எப்படி வந்தது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். 10 முதல் 20 செ.மீ. என்றால் சக்கரம் உள்ள ஏதோ ஒன்று: ஸ்ட்ரோலர், வீல்சேரின் கால்தாங்கி, சரக்குத் தள்ளுவண்டி. 40 முதல் 50 செ.மீ. உயரத்தில் விளிம்பு நொறுங்கியிருந்தால் அங்கே யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். 60 முதல் 100 வரை குழந்தைகளின் கை. 90 முதல் 110 வரை வட்டமான ஈரக் கறைகள் இருந்தால் அந்த விளிம்பு மேசையாகியிருக்கிறது. 120-க்கு மேலே தோளிலும் கழுத்திலும் பெயின்ட் பளபளவென்று தேய்ந்திருந்தால், பெரியவர்கள் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தள்ளுவண்டிக் கீறலைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பழியும் பார்வையாளர்கள் தலையில்தான் விழுகிறது. ஒரே உயரத்தில், தரைக்கு இணையாக, நீளமான கோடுகள் திரும்பத் திரும்ப விழுந்திருக்கும். பார்வையாளர் நிற்காத பின்பக்கத்திலும் இருக்கும். இரவில் ஸ்டால்களுக்குச் சரக்கு நிரப்பப் போகும் வண்டிகள் திருப்பத்தில் உரசியதன் தடம் அது. வண்டியின் நான்கு மூலையிலும் ரப்பர் பம்பர் வைத்து, பீடத்தைச் சுற்றி 15 செ.மீ. உயரத்தில் ஒரு மரச்சட்டம் அடித்தால் நின்றுவிடும். இதற்கு அறிவிப்புப் பலகையோ கூடுதல் காவலோ தேவையில்லை.

தட்டும் கோப்பையும்

சாதாரண நாளில் தீம் பார்க்குக்கு வருபவரின் கை காலியாக இருக்கும். உணவுத் திருவிழாவில் இரண்டு கையும் நிறைந்திருக்கும். ஃப்ளோரிடாவில் உள்ள டிஸ்னியின் எப்காட் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள்: ஏரியைச் சுற்றி 11 நாடுகளின் அரங்குகள், முழுச் சுற்று கிட்டத்தட்ட 2 கி.மீ. இடையிடையே திருவிழா ஸ்டால்கள். சிறு சிறு பங்காக வாங்கி, நடந்துகொண்டே சாப்பிடுவதுதான் இதன் முறையே. படம் எடுக்க ஃபோனை வெளியே எடுக்க வேண்டும் என்றால் தட்டை எங்காவது வைத்தாக வேண்டும். பக்கத்தில் மேசை இல்லையென்றால் சிற்பத்தின் பீடம்தான் மேசை.

அதனால் டிஸ்ப்ளேவுக்கு ஒதுக்கும் இடத்திலேயே நின்று சாப்பிடும் மேசைகளுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். 105 முதல் 110 செ.மீ. உயரம், 60 செ.மீ. விட்டம் உள்ள ஒரு வட்ட மேசையில் நான்கு பேர் தட்டு வைக்கலாம். படம் எடுக்கும் இடத்திலிருந்து மூன்று நான்கு காலடித் தூரத்துக்குள் இரண்டு மேசை, ஒரு குப்பைத் தொட்டி. தொட்டி தொலைவில் இருந்தால் காலிக் கோப்பை செடித் தொட்டிக்குள் போகும். ஒன்று போனால் பத்து போகும்.

பீடத்தின் மேற்பரப்பு தட்டையாக இருக்கவே கூடாது. 35 முதல் 55 செ.மீ. உயரத்தில் தட்டையான எதுவும் இருக்கைதான், 90 முதல் 110-இல் தட்டையான எதுவும் மேசைதான். விளிம்பை 30 டிகிரிக்குக் குறையாமல் சரிவாக்குங்கள். முடியாவிட்டால் நிஜமாகவே உட்காரும்படி இரும்புச் சட்டம் கொடுத்து இருக்கையாகவே செய்துவிடுங்கள். சரிவும் இல்லாமல் பலமும் இல்லாமல், "உட்காராதீர்கள்" என்ற பலகையை மட்டும் நம்புவது வீண்.

கையை நீட்டத் தூண்டும் அமைப்பு

இன்னொரு குழப்பம் உணவுத் திருவிழாவுக்கே உரியது. பத்தடி முன்னால்தான் ஒரு ஸ்டாலில் சாக்லேட் துண்டை ருசி பார்க்கக் கொடுத்தார்கள். இங்கே அதே சாக்லேட், அதே வெள்ளைத் துணி விரித்த மேசை, அதே உயரம். குழந்தை கையை நீட்டுவதில் என்ன ஆச்சரியம்? பார்வைக்கு வைக்கும் உணவுச் சிற்பத்தின் கீழே மேசைத் துணி விரிக்காதீர்கள். பக்கத்தில் தட்டு, டிஷ்யூ, இடுக்கி எதுவும் வேண்டாம். பீடத்தின் நிறம் ஸ்டால் கவுன்டர்களின் நிறத்திலிருந்து தெளிவாக வேறுபடட்டும். பிய்ந்து வரக்கூடிய சின்னச் சின்ன மிட்டாய்களைத் தரையிலிருந்து 120 செ.மீ.-க்கு மேலே மட்டும் ஒட்டுங்கள். அதற்குக் கீழே ஐசிங்கில் வரைந்த கோடுகளும், அச்சில் அழுத்திய வடிவங்களும் போதும்.

பல நாள் வெளியில் நின்று, பலர் தொட்ட பொருளைச் சாப்பிடுவது உடலுக்கு ஆகாது. உள்ளே தெர்மாகோல், பசை, கம்பி வேறு இருக்கும். பலகையில் அந்தக் காரணத்தையே எழுதுங்கள்: "உள்ளே பசையும் கம்பியும் உள்ளன, சாப்பிட வேண்டாம்." காரணம் சொல்லும் பலகையைப் பெற்றோர் குழந்தைக்குப் படித்துக் காட்டுவார்கள்.

பலகையின் வாசகத்தில் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் தேசியப் பூங்காவில், கல்லாகிப்போன மரத்துண்டுகளைப் பார்வையாளர்கள் எடுத்துப் போவதைப் பற்றி உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். "முன்பு வந்த பலர் எடுத்துப்போனதால் காடே மாறிவிட்டது" என்ற பொருளில் பலகை வைத்தபோது, பாதையில் குறியிட்டுப் போட்டிருந்த துண்டுகளில் 7.92 சதவீதம் காணாமல் போயின. "எடுக்காதீர்கள்" என்று நேராகச் சொன்னபோது 1.67 சதவீதம். "பலர் இதை உடைத்துவிட்டார்கள்" என்று வருத்தத்தோடு எழுதும் பலகை, எல்லோரும் செய்வதைத்தான் நாமும் செய்கிறோம் என்ற தைரியத்தைக் கொடுத்துவிடுகிறது. அதை எழுதவே எழுதாதீர்கள்.

சாக்லேட், சர்க்கரை, ஜிஞ்சர்பிரெட்

சரியாக டெம்பர் செய்த (உருக்கி, அளவாகக் குளிர்வித்து, மறுபடி கொஞ்சம் சூடேற்றிப் பளபளப்பாக இறுகவைத்த) சாக்லேட்டில் உள்ள கோகோ வெண்ணெய் 34 டிகிரியை ஒட்டி உருகும், அதற்குப் பல டிகிரி முன்பே இளகத் தொடங்கிவிடும். விரல் நுனியின் சூடே போதும். இரண்டு நொடி வைத்தாலே பளபளப்பு போய் ரேகை பதியும். பதிந்த ரேகையைத் துணியால் துடைத்தால் இன்னும் பரவும். ஹீட் கன்னால் மேலோட்டமாக இளக்கினால் ரேகை மறையும், ஆனால் டெம்பர் கலைந்து அந்த இடம் மறுநாள் வெளிறி நிற்கும். ஆகவே கைக்கெட்டும் உயரம் வரை பளபளப்பே வேண்டாம். கம்பி பிரஷால் கீறி மரப்பட்டை போலச் சொரசொரப்பாக்குங்கள். ரேகை தெரியாது, ஒட்டுப்போட்ட இடமும் தெரியாது. பளபளப்பை மேலே வைத்துக்கொள்ளலாம்.

சிற்பம் நிற்கும் இடம் 18 முதல் 20 டிகிரி, ஈரப்பதம் 55 சதவீதத்துக்குக் கீழே. இது கண்ணாடி அறைக்குள்தான் முடியும். அறையின் கதவை அடிக்கடி திறந்தால் வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த சாக்லேட்டின் மேல் வியர்த்து, சர்க்கரை கரைந்து, காய்ந்ததும் வெள்ளையாகச் சொரசொரத்துப்போகும். சூட்டில் இளகி மறுபடி இறுகியதாலும் வெள்ளை படரும், ஆனால் அது கொழுப்பு. யாருக்கும் தெரியாத மூலையில் விரலால் தேய்த்துப் பாருங்கள்: வழுவழுவென்று மறைந்தால் கொழுப்பு, மணல் போல நெருடினால் சர்க்கரை. முதலாவதற்கு வெப்பநிலையைச் சரிசெய்ய வேண்டும், இரண்டாவதற்கு ஈரத்தை. இரண்டையும் குழப்பிக்கொண்டு குளிரூட்டியை மட்டும் இன்னும் குறைத்து வைத்தால், வியர்ப்பது கூடி நிலைமை மோசமாகும்.

முறிந்த டார்க் சாக்லேட் பாகத்தை ஒட்ட, புது சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரிக்கு உருக்கி, 27-28-க்குக் குளிர்வித்து, மறுபடி 31-32-க்கு ஏற்றிக்கொள்ளுங்கள். முறிந்த இரண்டு முகங்களையும் வெதுவெதுப்பான தட்டையான உலோகத் தகட்டில் ஒரு கணம் தேய்த்துச் சமப்படுத்தி, நடுவில் சாக்லேட்டைத் தடவி அழுத்திப் பிடித்து, உணவுக்கு ஏற்ற குளிர் ஸ்பிரேயை அடிக்க வேண்டும். எடை தாங்கும் பாகம் என்றால் ஸ்பிரேயை மட்டும் நம்பாமல் முட்டுக் கொடுத்து ஓர் இரவு விடுங்கள்.

சர்க்கரையை இழுத்துச் செய்யும் பூக்களும் ரிப்பன்களும் ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே மங்கிப் பிசுபிசுக்கும். ஐசோமால்ட் என்ற சர்க்கரை மாற்று ஈரத்தைக் குறைவாக இழுக்கும் என்பதால் டிஸ்ப்ளேவுக்கு அதுவே நல்லது. என்றாலும் மூடிய பெட்டியும் சிலிக்கா ஜெல் பையும் வேண்டும்.

ஜிஞ்சர்பிரெட்டுக்கு எதிரி கையைவிட ஈரம்தான். பிஸ்கட் பலகை நமத்துப்போனால் கூரை தானாகவே தொய்யும், அதன் மேல் ஒரு விரல் பட்டால் உள்ளே இறங்கிவிடும். ஒட்டுவதற்கு முன்பே பலகைகளின் பின்பக்கம் கோகோ வெண்ணெயோ உருக்கிய சாக்லேட்டோ பூசினால் ஈரம் ஏறுவது தாமதமாகும். ஒட்ட ராயல் ஐசிங்: ஒரு கிலோ ஐசிங் சர்க்கரைக்கு 5 அல்லது 6 முட்டை வெள்ளைக்கரு. பாத்திரத்தில் துளி எண்ணெய் இருந்தாலும் ஐசிங் எழும்பாது. உணவு ஸ்டாலிலிருந்து கடன் வாங்கிய பாத்திரத்தில் இதுதான் தவறிப்போகிறது. கலந்ததை ஈரத்துணியால் மூடிவையுங்கள், இல்லையென்றால் மேலே ஏடு கட்டிப் பைப்பிங் பை அடைத்துக்கொள்ளும். பகலில் விழுந்த மிட்டாயைப் பகலிலேயே ஒட்டிவிடலாம். சுவரோ கூரையோ என்றால் இரவில் ஒட்டி, முட்டுக் கொடுத்து, முழுதாகக் காய ஒரு நாள் விட வேண்டும்.

ஃபைபர்கிளாஸும் தெர்மாகோலும்

வெளியில் நிற்கும் பெரிய பொம்மைகளின் ஃபைபர்கிளாஸ் தோல் பொதுவாக 3 முதல் 5 மி.மீ.தான். விரிசலின் வடிவத்தைப் பாருங்கள். நட்சத்திரம் போல ஒரு புள்ளியிலிருந்து பரவினால் ஏதோ இடித்திருக்கிறது. கை தோளோடு சேரும் இடத்தில் இணைகோடுகளாக வந்தால் அந்தக் கை வளைந்திருக்கிறது, அதாவது யாரோ தொங்கியிருக்கிறார்கள். இணைகோட்டு விரிசலைப் பட்டி வைத்து மூடினால் அடுத்த வாரம் அதே இடத்தில் திரும்ப வரும். உள்ளே இரும்புக் குழாய் கொடுத்து வளைவதை நிறுத்தினால்தான் தீரும்.

ஒட்டுப்போடும் வேலையில் உணவுத் திருவிழாவுக்கென்று ஒரு கூடுதல் படி இருக்கிறது: எண்ணெய்ப்பசை. சாஸும் வெண்ணெயும் பட்ட கைகள் தொட்ட பரப்பு அது. முதலில் உப்புத்தாள் போட்டால் பசை உள்ளே ஏறி, மேலே பூசும் எதுவும் பிடிக்காது. சோப்புத் தண்ணீரால் கழுவி, காயவைத்து, அசிட்டோனால் துடைத்து, துணியை மாற்றி மறுபடி துடைத்த பிறகுதான் உப்புத்தாள். விரிசலைச் சுற்றிச் சரிவாக இழைக்க வேண்டும். தோலின் தடிமனைப் போல 12 மடங்கு அகலம் என்பது கணக்கு: 4 மி.மீ. தோல் என்றால் விரிசலின் இரு பக்கமும் 5 செ.மீ.-ஐ ஒட்டி. 450 கிராம் மேட் (சதுர மீட்டருக்கு அந்த எடையுள்ள கண்ணாடி இழைப் பாய்) ரெசினில் ஊறிய ஓர் அடுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. கொடுக்கும், நான்கு அடுக்கு வையுங்கள். சிறிய துண்டில் தொடங்கி ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் பெரிதாக.

பாலியெஸ்டர் ரெசினுக்கு எம்ஈகேபி ஹார்டனர் (அதை இறுகவைக்கும் திரவம்) எடையில் 1 முதல் 2 சதவீதம். வெயில் காலத்தில் 1, குளிரில் 2. ஒரு சதவீதத்துக்குக் கீழே போனால் எத்தனை நாளானாலும் முழுதாக இறுகாது. இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் முடுக்கியைத் தனியாக வாங்கிக் கலப்பவர்கள் அதை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்த பிறகே ஹார்டனரைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும், இது மிகைப்படுத்தல் இல்லை. இறுகியதும் 80, 120, 240, 400 என்று உப்புத்தாள், பிரைமர், பெயின்ட், கடைசியாக கிளியர் கோட். பளபளப்பே இல்லாத கிளியரில் கை பட்ட இடமெல்லாம் பளபளத்துக் காட்டிக்கொடுக்கும், அரைப் பளபளப்பான சாட்டின் அதை மறைக்கும்.

இந்த வேலையை ஸ்டால்களுக்குப் பக்கத்தில் செய்யக்கூடாது. ரெசினிலிருந்து வரும் ஸ்டைரீன் நாற்றம் உணவில் ஏறும், இழைத்த தூள் காற்றில் பறக்கும். பொம்மையைப் பணிமனைக்கு எடுத்துப்போக வேண்டும். அதுவரை கூர்மையான முனைகளை மட்டும் எபாக்ஸி பட்டியால் மூடலாம்.

தெர்மாகோலைச் செதுக்கி மேலே கெட்டிப் பூச்சு கொடுத்த உருவங்களும் வெளியிலிருந்து பார்க்க ஃபைபர்கிளாஸ் போலவே இருக்கும். அவற்றில் பாலியெஸ்டர் ரெசின் பட்டால் உள்ளே தெர்மாகோல் கரைந்து குகையாகிவிடும். ஸ்பிரே பெயின்ட்கூட விரிசல் வழியாக இறங்கித் தின்றுவிடும். சந்தேகம் இருந்தால் உடைந்த ஓரத்தில் பாருங்கள், வெள்ளை மணிகள் தெரிந்தால் எபாக்ஸி மட்டுமே.

இந்த உருவங்கள் இலேசானவை, அதனால் சாய்ந்துவிடும். கணக்கு எளிது. 60 கிலோ எடை, பீடத்தின் நடுவிலிருந்து விளிம்புக்கு 40 செ.மீ., தள்ளும் உயரம் 120 செ.மீ. என்றால், 60-ஐ 40-ஆல் பெருக்கி 120-ஆல் வகுத்தால் 20. இருபது கிலோ விசையில் பக்கவாட்டில் தள்ளினால் போதும், சாய்ந்துவிடும். ஒரு பெரியவர் தோளை வைத்துச் சாய்ந்தாலே அவ்வளவு வந்துவிடும். பீடத்துக்குள் 90 கிலோ மணல் மூட்டை வைத்தால் அது 50 கிலோவாகும். அதிலும் திருப்தி இல்லையென்றால் தரையோடு போல்ட் போடுங்கள். உயரமான உருவங்களுக்குக் காற்றின் தள்ளலும் சேரும், அவற்றைப் பொறியாளரின் கணக்கு இல்லாமல் நிறுத்தக்கூடாது.

தடுப்பும் ஆட்களும்

கயிற்றுத் தடுப்பைச் சிற்பத்திலிருந்து 60 செ.மீ.-இல் வைப்பது வழக்கமான தவறு. கயிற்றின் மேல் குனிந்து நீட்டினால் பெரியவரின் கை ஒரு மீட்டர் போகும். 120 செ.மீ. தூரமாவது வேண்டும். ஒற்றைக் கயிறு குழந்தைகளுக்கு வாசல் மாதிரி, குனியாமலே நுழைவார்கள். 25-30 செ.மீ. உயரத்தில் இரண்டாவது கம்பி வேண்டும். அந்தக் கீழ்க்கம்பிக்கு இன்னொரு பயன் உண்டு: தடுப்பின் கீழ்விளிம்பு 68 செ.மீ.-க்கு மேல் இருந்தால் பார்வையற்றவரின் வெண்கோலுக்கு அது தட்டுப்படவே படாது.

படம் எடுக்க நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் பாதச்சுவடாக ஒட்டிவிடுங்கள், சிற்பம் முழுதும் சட்டத்துக்குள் வரும் தூரத்தில். நல்ல படம் அங்கிருந்துதான் வரும் என்று தெரிந்தால் கூட்டம் தானாகவே அங்கே போகும். தொட்டுப் பார்க்கும் ஆசைக்குப் பக்கத்திலேயே ஒரு உருப்படி கொடுங்கள்: தடித்த ஃபைபர்கிளாஸில் ஒரு பெரிய பூசணியோ கோப்பையோ, உள்ளே இரும்புச் சட்டத்தோடு, "ஏறலாம், உட்காரலாம்" என்று. செடிகளால் ஆன உருவங்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். அவற்றின் பாசிக்குள் ஓடும் சொட்டுநீர்க் குழாய் ஒரு விரல் குத்தியதில் விலகினாலும், வெளியே தெரிவதற்குள் அந்தப் பகுதிச் செடிகள் வாடியிருக்கும்.

டிஸ்ப்ளே அருகே நிற்கும் பணியாளர் முதலில் சொல்ல வேண்டியது "தொடாதீங்க" அல்ல. "சார், நான் படம் எடுத்துத் தரட்டுமா? இப்படி இந்தப் பக்கம் வாங்க, முழுசா விழும்." அவ்வளவுதான், கை தானாக எடுபடும். குழந்தையிடம் முழங்காலிட்டு அதன் உயரத்துக்குப் போய், பெற்றோர் காதிலும் விழும்படி பேசுங்கள்: "இது உள்ள கம்பி இருக்கு கண்ணா, குத்திரும். அதோ அந்தப் பூசணி மேல ஏறலாம்." பெற்றோரை அவர்கள் குழந்தை முன்னால் கண்டித்தால் சண்டையில்தான் முடியும். மது பரிமாறும் திருவிழா என்றால் மாலைக்கு மேல் தனி ஆளாக யாரையும் நிறுத்தாதீர்கள், இரண்டு பேர். வந்தவர் மேல் கை வைக்கவே கூடாது, எல்லை மீறினால் பாதுகாப்புப் பிரிவை அழைப்பது மட்டும்தான்.

உடைந்ததை அப்படியே விட்டுவைப்பதுதான் எல்லாவற்றிலும் அதிகம் செலவு வைக்கும். நெதர்லாந்தின் கிரோனிங்கனில் நடத்தி 2008-இல் வெளியான ஆய்வு ஒன்றில், சைக்கிள்களில் மாட்டிய துண்டுப்பிரசுரத்தைக் கீழே போட்டவர்கள், சுவர் சுத்தமாக இருந்தபோது 33 சதவீதம், அதே சுவரில் கிறுக்கல் இருந்தபோது 69 சதவீதம். முறிந்த கரண்டி பகல் முழுதும் தொங்கினால் மாலைக்குள் தொப்பியும் போகும். பகலில் சரிசெய்ய முடியாததை உடனே அகற்றுங்கள், அல்லது திருவிழாப் படம் அச்சடித்த திரையால் முழுதாக மறையுங்கள். குப்பைப் பையைச் சுற்றி டேப் ஒட்டுவது மறைப்பதாகாது, அதுவும் உடைந்ததாகவே தெரியும். கண்ணாடியோ ஃபைபர்கிளாஸோ ஸ்டால் அருகே சிதறினால், திறந்திருந்த உணவு முழுவதையும் கொட்டிவிட வேண்டும், பார்வைக்குச் சுத்தமாகத் தெரிந்தாலும்.

இரவில் நேரம் போதாதபோது வரிசை இது: ஆடுவதும் விழக்கூடியதும் முதலில், கூர்மையானது அடுத்து, நுழைவாயிலிலிருந்து முதலில் கண்ணில் படுவது அதற்கடுத்து. பெயின்ட் தேய்மானம் வாரக் கடைசி வரை காத்திருக்கலாம். ஒவ்வொரு பொம்மைக்கும் முதல் பெயின்டிலேயே கால் லிட்டர் எடுத்து, பெயரும் தேதியும் ஒட்டி வைத்திருந்தால் அந்த வேலை அரை மணி. பிறகு நிறம் பொருத்தப் போனால் வெயிலில் வெளிறிய நிறத்துக்கும் புது நிறத்துக்கும் நடுவே ஒரு நாள் முழுதும் போகும். கரண்டி, காது, கைப்பிடி போன்ற மெல்லிய பாகங்களின் அச்சைத் தூக்கிப்போடாமல், தலா இரண்டு மூன்று உதிரியாக வார்த்து, போல்ட்டில் கழற்றி மாட்டும்படி செய்யச் சொல்லுங்கள். ஒட்டிச் செய்த கரண்டி முறிந்தால் பணிமனை வேலை, போல்ட்டில் நின்ற கரண்டி முறிந்தால் ஒரு ஸ்பேனரோடு முடிந்துவிடும்.